வாள்பிடியில் ஒரு கை: இரும்புத் தகட்டில் குன்ஸ் ஃபான் டெர் ரோசன்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு அச்சுப்படம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வாழ்ந்த டானியேல் ஹாப்ஃபர் அதை இரும்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து உருவாக்கினார். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அதை 1515-க்கும் 1518-க்கும் இடைப்பட்ட காலத்தில் வைக்கின்றன. முப்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். படத்தில் இருப்பவர் குன்ஸ் ஃபான் டெர் ரோசன். புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் போர்த்தோழர், ஆலோசகர், அரசவை விதூஷகர் ஆகிய மூன்றும் அவரே.

இந்த மூன்றாவது அடையாளத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. வரலாற்று நூல்களில் குன்ஸ் விதூஷகராகவே நிலைத்துவிட்டார். படத்தில் விதூஷகரின் சாயல் துளியும் இல்லை. பெயர் தெரியாத ஒருவரிடம் இதைக் காட்டினால் ஒரு படைத்தலைவர் என்றுதான் சொல்வார். எது உண்மை? ஹாப்ஃபர் தாம் வரைந்தவரை உயர்த்திக் காட்டினாரா, அல்லது பின்னால் வந்தவர்கள் அந்த மனிதரைக் குறைத்துவிட்டார்களா? விடையின் பெரும்பகுதி படத்தில் மட்டுமல்ல, அது செய்யப்பட்ட உலோகத்திலும் இருக்கிறது என்பது என் முடிவு. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதே இந்தக் கட்டுரை.

படத்தில் இருப்பவை

அரையளவு உருவம். விளிம்பு கீறப்பட்ட அகலத் தொப்பி. மார்பை நோக்கி இறங்கும் அடர்ந்த தாடி. துணியைப் பட்டை பட்டையாகக் கீறி உள்ளாடையை வெளியே பொங்க விட்ட பெரிய கைகள். அது அன்றைய ஜெர்மானியக் கூலிப்படை வீரர்களான லான்ட்ஸ்க்னெக்ட்டுகளின் ஆடம்பரம். வாளின் பிடியில் ஒரு கை ஊன்றியிருக்கிறது. பார்வை கடுமையானது, எதிரில் நிற்பவரை எடைபோடும் பார்வை.

இனி, இல்லாதவற்றைப் பார்க்க வேண்டும். அக்கால ஐரோப்பியப் படங்களில் விதூஷகரைக் காட்டுவதற்கென்று ஒரு தொகுப்பே உண்டு. கழுதைக் காது வைத்த முக்காடு, சலங்கை, நுனியில் சிறு தலை பொருத்திய கோல் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் போதும், பார்ப்பவருக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். இவற்றில் எதுவும் இங்கே இல்லை. ஹாப்ஃபருக்கு அந்தச் சின்னங்கள் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை; அவர் காலத்து அச்சுப்படங்களில் விதூஷகர்கள் நிரம்பி வழிந்தார்கள். ஆகவே விடுபட்டது தற்செயலாக இருக்க முடியாது.

தாடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செம்புத் தகட்டில் உளியால் கோடு கிழிப்பவர் வளைவு வரும்போதெல்லாம் தகட்டைத் திருப்ப வேண்டும். உலோகம் அவரை எதிர்க்கிறது, அதனால் கோட்டில் ஒரு கட்டுப்பாடும் ஒழுங்கும் வந்துவிடுகிறது. ஹாப்ஃபர் மெழுகுப் பூச்சின் மேல் ஊசியால் வரைந்திருக்கிறார். பூச்சு எதிர்ப்பதில்லை. தாடி மயிர் சுருண்டும் நெளிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் ஓடுவது அதனால்தான். அதேசமயம் கோடுகளின் தடிமன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. இரும்பில் எட்சிங் (அமிலத்தால் அரித்து அச்சுத்தகடு செய்யும் முறை) செய்த முதல் தலைமுறையினர் தகட்டைப் பெரும்பாலும் ஒரே முறைதான் அமிலத்துக்குக் கொடுத்தார்கள். சில கோடுகளை மூடிவிட்டு மற்றவற்றை மட்டும் ஆழமாக அரிக்க விடும் பழக்கம் பரவலாகவில்லை. எனவே இருளும் ஒளியும் கோட்டின் கனத்திலிருந்து பிறக்கவில்லை, நெருக்கத்திலிருந்து பிறக்கின்றன. ஆடையின் மடிப்புகளில் இணைகோடுகள் நெருங்குவதையும் விலகுவதையும் உருப்பெருக்கியில் பார்த்தால் கை எவ்வளவு திடமாக இருந்திருக்கிறது என்பது விளங்கும்.

ஆடை பற்றி ஒன்று. ஹாப்ஃபர் வீரர்களைப் பலமுறை வரைந்தவர். வரிசையாக நிற்கும் ஐந்து லான்ட்ஸ்க்னெக்ட்டுகள், மனைவியுடன் நிற்கும் வீரன் என்று அவருடைய வேறு அச்சுப்படங்கள் இருக்கின்றன. எந்தக் கீறல் எந்தத் தையலில் தொடங்குகிறது என்பது வரை அவருக்குத் தெரியும். குன்ஸுக்குக் கொடுத்த ஆடையை வெறும் அலங்காரமாகப் போட்டிருப்பார் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

யார் இந்த குன்ஸ்

கௌஃப்பாய்ரன் என்ற ஸ்வேபியச் சிறு நகரத்துக்காரர் என்று மரபு சொல்கிறது. ஹாப்ஃபரும் அதே ஊரில் பிறந்தவர்தான். 1493-இல் ஆக்ஸ்பர்க்கில் குடியுரிமை பெற்றார். ஒரே ஊர்க்காரர்கள் இருவர், ஒருவர் பேரரசரின் பக்கத்தில், இன்னொருவர் பேரரசருக்குக் கவசம் செய்யும் நகரத்தில். இந்தப் படம் உருவானதற்கு இந்தத் தொடர்பு எவ்வளவு உதவியது என்பதை நிரூபிக்க ஆவணம் வேண்டும். ஆனால் மாக்சிமிலியன் மீண்டும் மீண்டும் வந்து தங்கிய நகரம் ஆக்ஸ்பர்க் என்பதால், வரைந்தவர் தம் கண்ணால் பார்த்த முகம் இது என்று கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

குன்ஸின் புகழுக்குக் காரணம் 1488. அப்போது மாக்சிமிலியன் பேரரசர் அல்லர். ரோமானியர்களின் மன்னர் என்ற பட்டம் மட்டுமே அவருக்கு இருந்தது. ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தின் பகுதி) நகரங்களுடன் வரி, அதிகாரம், பிரான்சுடனான போர் ஆகியவை குறித்த மோதல் முற்றியிருந்தது. பிப்ரவரியில் ப்ரூஜ் நகரக் கைவினைஞர் சங்கத்தினர் அவரைச் சிறைபிடித்து, சந்தைச் சதுக்கத்தில் இருந்த க்ரானென்பர்க் என்ற வீட்டில் அடைத்தார்கள். அவருடைய அதிகாரி பீட்டர் லான்ஹல்ஸ் மார்ச் மாதம் அதே சதுக்கத்தில் சித்திரவதைக்கு உள்ளாகித் தலை வெட்டப்பட்டார். மே 16 அன்றுதான் மாக்சிமிலியன் விடுதலையானார். தந்தை மூன்றாம் ஃப்ரெடெரிக் படை திரட்டி வந்துகொண்டிருந்தார்.

இந்த மூன்றரை மாதத்தில் குன்ஸ் செய்ததாகச் சொல்லப்படும் இரண்டு காரியங்கள் பிற்கால வரலாற்று நூல்கள் வழியே பரவின. முதலாவது, இரவில் நீந்திச் சென்று மன்னரை மீட்க முயன்றார், தமக்கும் அவருக்கும் மிதவைக் கச்சைகள் கொண்டுபோனார், நீரில் இருந்த அன்னங்கள் தாக்கித் துரத்திவிட்டன என்பது. இரண்டாவது, தலையை மழித்துக்கொண்டு துறவி வேடத்தில் சிறைக்குள் நுழைந்து, தம் அங்கியை மன்னருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் அங்கேயே தங்கிவிட முன்வந்தார், மன்னர் மறுத்துவிட்டார் என்பது.

முதல் கதையை நான் நம்பவில்லை. க்ரானென்பர்க் அகழி சூழ்ந்த கோட்டை இல்லை. நகரத்தின் நடுச் சந்தையில் நிற்கும் வீடு. மன்னரைப் பின்னர் வேறு வீட்டுக்கு மாற்றினார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தாலும், நீந்திச் சென்று கதவைத் தட்டும் காட்சி கோட்டைச் சிறைகளைப் பற்றிய கதைகளில் இருந்து ஒட்டிக்கொண்டதாகவே தெரிகிறது. அன்னங்களும் சந்தேகத்தைக் கூட்டுகின்றன. லான்ஹல்ஸைக் கொன்றதற்குத் தண்டனையாக ப்ரூஜ் நகரம் என்றென்றும் அன்னங்களை வளர்க்க வேண்டும் என்று மாக்சிமிலியன் ஆணையிட்டதாக இன்னொரு கதை அதே சம்பவத்தில் இருந்து முளைத்திருக்கிறது. ஒரு கதையின் பறவை மற்றொன்றுக்குப் பறந்திருக்கலாம்.

இரண்டாம் கதை வேறு வகையானது. அது நடந்ததோ இல்லையோ, சமகாலத்தவரும் அடுத்த தலைமுறையும் குன்ஸை எப்படி எண்ணினார்கள் என்பதற்கு அது சாட்சி. தண்டனை மேடையில் ரத்தம் காயாத நகரத்துக்குள் போய், அரசனுக்குப் பதிலாகத் தன் கழுத்தைக் கொடுக்கத் துணிந்தவன் என்று ஒருவரைப் பற்றிக் கதை கட்ட வேண்டுமானால், அந்த மனிதரிடம் முதலில் வீரம் இருந்திருக்க வேண்டும். சிரிக்க வைப்பவரைச் சுற்றி இப்படிப்பட்ட கதை தானாக வளராது.

குன்ஸ் பெரும் படையொன்றின் தலைமைத் தளபதி அல்லர் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் பேரரசரின் அருகில் நின்று போரிட்டவர், பேரரசர் கேட்க விரும்பாததையும் அவரிடம் சொல்லும் உரிமை பெற்றவர். விதூஷகர் என்ற பதவி அந்த உரிமைக்கான போர்வை. அரசவையில் உண்மையைப் பேச அன்று அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. பேரரசர் 1519 ஜனவரி 12 அன்று வெல்ஸ் நகரத்தில் இறந்தார். குன்ஸும் அதே ஆண்டில் போய்விட்டார்.

மூன்று சாட்சிகள்

ஒரே மனிதரின் முகம் மூன்று கைகளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒப்பிட முடிவது பெரிய வாய்ப்பு.

முதலாவது, மூத்த ஹான்ஸ் ஹோல்பைன் வெள்ளி ஊசியால் வரைந்த ஓவியம். பெர்லினில் இருக்கிறது. ஹோல்பைனும் ஆக்ஸ்பர்க்காரர். நகரத்து மனிதர்களின் முகங்களைச் சிறு தாள்களில் பதிவுசெய்து சேர்த்து வைத்தவர். அது விற்பனைக்கான படம் அல்ல. ஓவியர் தமக்காக எடுத்து வைத்த குறிப்பு. அதில் குன்ஸுக்கு வேடமே இல்லை, முகம் மட்டும்தான்.

இரண்டாவது, மாக்சிமிலியனே திட்டமிட்ட ‘வெற்றி ஊர்வலம்’ என்ற மரக்கட்டை அச்சுப்பட வரிசை. 1512-இல் பேரரசர் தம் செயலர் மார்க்ஸ் ட்ரைட்ஸ்சௌர்வைனிடம் யார் யார் எந்த வரிசையில் வர வேண்டும் என்று சொல்லி எழுத வைத்தார். ஹான்ஸ் பர்க்மையர் உள்ளிட்ட ஓவியர்கள் வரைய, நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட மரக்கட்டைகளில் அது செதுக்கப்பட்டது; ஒட்டி விரித்தால் ஐம்பது மீட்டரைத் தாண்டும். பேரரசர் இறந்ததும் வேலை நின்றுபோனது, 1526-இல்தான் அச்சிடப்பட்டது. அந்த ஊர்வலத்தில் அரசவை விதூஷகர்களுக்கு ஒரு வண்டி உண்டு. அதற்கு முன்னால் தலைவராகக் குதிரையில் வருபவர் குன்ஸ். பேரரசரின் அதிகாரபூர்வமான கணக்கில் அவருடைய இடம் அது.

மூன்றாவது சாட்சி ஹாப்ஃபரின் தகடு.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, முரண்படுவது ஊர்வலமும் தகடும்தான். ஊர்வலம் அரசவையின் குரலில் பேசுகிறது: இன்னின்னாருக்கு இன்னின்ன இடம். தகடு ஊர்த் தெருவின் குரலில் பேசுகிறது. அதை வாங்கியவர்கள் ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க் போன்ற நகரங்களின் மக்கள். வணிகர்கள், கைவினைஞர்கள், படையில் இருந்து திரும்பியவர்கள். அவர்களுக்கு குன்ஸ் என்றால் ப்ரூஜ் நகரத்துக்குள் போனவர். ஹாப்ஃபர் விற்றது அந்த மனிதரின் முகத்தை.

ஹாப்ஃபர் குடும்பம் பின்னாளில் எந்த முகங்களை விற்றது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. டானியேல் 1523-இல் மார்ட்டின் லூதரின் முகத்தை எட்சிங் செய்தார். மகன் ஹியரோனிமஸ் 1520-இல் இளம் பேரரசர் ஐந்தாம் சார்லஸையும், வேறொரு தகட்டில் ஃப்ரான்ஸ் ஃபான் சிக்கிங்கனையும் வெளியிட்டார். சிக்கிங்கன் உண்மையான படைத்தலைவர். 1522-இல் ட்ரியர் பேராயர் மீது படையெடுத்துத் தோற்றவர். 1523 மே மாதம் லான்ட்ஷ்டூலில் இருந்த தம் கோட்டையைப் பீரங்கிகள் தகர்த்தபோது காயப்பட்டு இறந்தவர். இப்படி மக்கள் பேசிக்கொண்டிருந்த மனிதர்களின் முகங்களே இந்தப் பட்டறையின் சரக்கு. குன்ஸின் படத்தை அந்த வரிசையின் முன்னோடியாகவே நான் பார்க்கிறேன்.

கவசத்தில் இருந்து தாளுக்கு

ஆய்வின் மையம் இனிதான். ஹாப்ஃபர் அடிப்படையில் ஓவியரோ அச்சுக்கலைஞரோ அல்லர். கவசங்களை அமிலத்தால் அலங்கரித்தவர். ஆக்ஸ்பர்க்கின் ஹெல்ம்ஷ்மிட் குடும்பம், முதலில் லோரென்ஸ், அவருக்குப் பின் மகன் கோல்மன், மாக்சிமிலியனுக்குக் கவசம் செய்தது. அந்த நகரத்துப் பட்டறைகளில்தான் ஹாப்ஃபரின் கை பழகியது. அவர் இறந்த ஆண்டான 1536 பொறித்த, அவர் பெயர் தாங்கிய கேடயம் ஒன்று மாட்ரிட் அரச படைக்கலக் கூடத்தில் இருக்கிறது. வாழ்நாளின் கடைசி வரை அவர் இரும்பை விடவில்லை.

உருக்கில் உளியால் நுண்ணிய வேலை செய்வது கடினம். கவசத்தின் வலிமையும் குறையும். அமிலம் அந்த வேலையை எளிதாக்கியது. மெழுகும் எண்ணெயும் கலந்த காப்புப் பூச்சை உலோகத்தில் தூரிகையால் தீட்டுவார்கள். பூச்சு மூடிய இடம் தப்பிக்கும், திறந்த இடம் அரிபடும். அரிக்கும் கலவையில் வினிகர், உப்பு, நவச்சாரம், படிகாரம், செம்புக் களிம்பு போன்றவை சேரும். இதில் செம்புக் களிம்பின் வேலை அருமையானது. கரைசலில் இருக்கும் செம்பு இரும்பின்மேல் படியும்போது, அதற்கு ஈடாக இரும்பு கரைந்து வெளியேறுகிறது. அதாவது கவசத்தைத் தின்பது வெறும் புளிப்பு அல்ல, இன்னொரு உலோகம். அரித்து முடித்த பள்ளத்தில் கறுப்பு நிரப்புவார்கள் அல்லது பொன் முலாம் பூசுவார்கள். ஜெர்மானியப் பாணியில் பின்னணி முழுவதும் மிளகு தூவியது போலச் சிறு வட்டப் புள்ளிகள் நிற்கும்; பூச்சைத் துளித்துளியாக வைத்ததால் தப்பிய இடங்கள் அவை.

இந்தக் கறுப்பு நிரப்பிய பள்ளத்தின்மேல் ஈரத்தாளை அழுத்தினால் என்ன ஆகும் என்ற எண்ணம் யாருக்கு முதலில் வந்தது? இரும்பு எட்சிங்கைத் தொடர்ந்து ஒரு தொழிலாக நடத்திய முதல் கலைஞர் என்று ஹாப்ஃபரைச் சொல்லலாம். ஆனால் தேதி பொறித்த முதல் எட்சிங் அவருடையது இல்லை. சுவிஸ் கலைஞர் ஊர்ஸ் கிராஃப் 1513-இல் செய்த, கால் கழுவும் பெண்ணின் சிறு படம் அது. ஹாப்ஃபர் தம் தகடுகளில் அரிதாகவே ஆண்டு பொறித்தார். அதனால்தான் குன்ஸின் படத்துக்குக் கறாரான தேதி கொடுக்க முடிவதில்லை. ஆடையும் முகமும் சொல்வதைக் கொண்டு, 1519-க்கு முந்தைய சில ஆண்டுகளில் நிறுத்திக்கொள்வது நியாயம்.

பெரிய கலைஞர்களும் இரும்பைச் சீண்டிப் பார்த்தார்கள். ஆல்பிரெக்ட் டியூரர் 1515-க்கும் 1518-க்கும் இடையே ஆறு எட்சிங்குகள் செய்தார். கடைசியானது பீரங்கி நிற்கும் நிலக்காட்சி. பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. லூகாஸ் ஃபான் லைடன் 1520-இல் மாக்சிமிலியனின் உருவப்படத்தைச் செம்பில் செய்தபோது, உடையையும் சூழலையும் எட்சிங்கில் விட்டுவிட்டு முகத்தை மட்டும் உளியால் செதுக்கினார். இது எனக்கு மிக முக்கியமான தடயம். முகம் என்று வந்ததும் அந்த மேதை அமிலத்தை நம்பவில்லை. மாக்சிமிலியனின் நண்பருடைய முகத்தை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஹாப்ஃபர் முழுக்க முழுக்க அமிலத்திடம் ஒப்படைத்திருக்கிறார். கண்ணிமை, மூக்கின் பக்கவாட்டு நிழல், நெற்றிச் சுருக்கம் எல்லாமே ஊசியும் அமிலமும். திருத்துவது கடினமான வழி அது. பூச்சில் விழுந்த தவறான கோட்டை மூடாமல் விட்டால் அது தாளிலும் விழுந்தே தீரும்.

லூகாஸின் முகம் மென்மையில் மேலானது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் குன்ஸின் முகத்தில் இருக்கும் கரடுமுரடு செம்பில் வராது. இரும்பு அரிபடும்போது கோட்டின் ஓரம் சற்றுப் பிசிறுகிறது. அந்தப் பிசிறு பெண்ணின் முகத்திலோ புனிதரின் முகத்திலோ குறையாகத் தெரியும். வெயிலும் போரும் தின்ற முகத்தில் அது தோலாகவே மாறிவிடுகிறது. டியூரர் கைவிட்ட உலோகத்துக்கு ஏற்ற மனிதரை ஹாப்ஃபர் கண்டுபிடித்தார் என்று நான் சொல்வது இதனால்தான். அன்றைய படைவீரர் தம் உடலில் அணிந்தது எந்த உலோகமோ, அதே உலோகத்தில், அதே கவசப் பட்டறையின் கையால், அதே கலவையால் அவர் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தகட்டின் இரண்டாம் வாழ்வு

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இன்று ஏலக்கூடங்களிலும் சேகரிப்புகளிலும் காணப்படும் ஹாப்ஃபர் அச்சுப்படங்களில் ஏராளமானவை அவர் உயிரோடு இருந்தபோது அச்சிடப்பட்டவை அல்ல.

ஹாப்ஃபர் குடும்பத்தின் தகடுகள் அழியவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் நியூரம்பெர்க் புத்தக வியாபாரி டேவிட் ஃபுங்க், இக்குடும்பத்தின் தூரத்து உறவினர், 230 தகடுகளைப் பெற்றுத் தொகுப்பாக மீண்டும் அச்சிட்டார். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வரிசை எண்ணைக் கீறினார். அந்த எண்கள் அழகாகவும் இல்லை, கவனமாகவும் இல்லை; ஆனால் ஆய்வாளருக்கு அவை பெரும் உதவி. 1802-இல் ஃபிராங்ஃபர்ட்டில் சில்பர்பெர்க் என்ற பதிப்பாளர் 92 தகடுகளில் இருந்து இன்னொரு முறை அச்சிட்டார். முந்நூறு ஆண்டுகள் ஆகியும் இரும்புத் தகடுகள் அச்சுக்கு உதவின என்பது வியப்புக்கு உரியது. எண்ணெயோ மெழுகோ பூசி, ஈரம் படாமல் யாரோ தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்திருக்க வேண்டும். அந்தப் பெயர் தெரியாத கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரு பிரதி கையில் வந்தால் முதலில் தேட வேண்டியது அந்த எண். இருந்தால் ஃபுங்க் காலத்துக்குப் பிந்தியது. அதில் விவாதம் இல்லை. இல்லையென்றால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. தாளின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, சுரண்டிய தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து ஒளி கூடுதலாக ஊடுருவும்.

அடுத்து துரு. ஒழுங்கற்ற சிறு கறும்புள்ளிகள், மேகம் படர்ந்தது போன்ற சாம்பல் திட்டுகள் ஆகியவை கலைஞர் இட்டவை அல்ல. தகட்டின் முகத்தில் துரு தோண்டிய குழிகளில் மை தங்கியதால் வந்தவை. டியூரரின் பீரங்கிப் படத்தின் பிந்தைய பிரதிகளிலும் இதே நோய் உண்டு. ஒரே படத்தின் இரு பிரதிகளில் எதில் துருப்புள்ளிகள் அதிகமோ அது பிந்தியது, ஏனென்றால் துரு கூடுமே தவிரக் குறையாது. செம்புத் தகட்டில் கோடுகள் தேய்ந்து மங்குவதை வைத்து வரிசைப்படுத்துவோம். இரும்பு அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. ஆகவே கோடு கூர்மையாக இருப்பதை மட்டும் வைத்து முற்காலப் பிரதி என்று முடிவு செய்வது ஆபத்தானது. செம்பில் பழகிய கண் இங்கே ஏமாறும்.

தாளின் சாட்சியே இறுதியானது. நீர்க்குறி (தாள் ஆலை தாளுக்குள் பதித்த அடையாளம்) தெரிந்தால் எந்த ஆலை, எந்தக் கால்நூற்றாண்டு என்பது வரை நெருங்கலாம். பதினாறாம் நூற்றாண்டுத் தாளில், அதை வார்த்த சட்டத்தின் கம்பிவலை பதித்த வரிகள் தெரிந்தே ஆக வேண்டும். வரியே இல்லாத சமமான தாள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் ஐரோப்பாவில் வந்தது. இந்தச் சோதனை ஒன்று மட்டுமே பல பிரதிகளின் வயதை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கீழே இறக்கிவிடும்.

ஃபுங்க் பதிப்பு ஹாப்ஃபரின் பெயருக்கு ஒரு தீங்கும் செய்தது. துரு ஏறிய தகட்டில் இருந்து எடுத்த சாம்பல் பூத்த பிரதிகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவரைக் கரடுமுரடான கைவினைஞர், டியூரரின் நிழலில் நின்றவர் என்று எழுதினார்கள். அவருடைய கையொப்பத்தைக்கூடச் சிலர் சரியாகப் படிக்கவில்லை. டி, எச் என்ற இரண்டு எழுத்துகளின் நடுவே அவர் இட்டது ஹாப்ஸ் கொடியின் கூம்பு, குடும்பப் பெயரின் சின்னம். பழைய சேகரிப்பாளர்கள் அதை விளக்குத்தண்டு என்று எண்ணி விளக்குத்தண்டுக் கலைஞர் என்றே குறிப்பிட்டார்கள்.

எண் பொறிக்கப்படாத, துரு படாத பிரதியில் குன்ஸைப் பார்த்தால் அந்த மதிப்பீடு நிற்காது. மை ஆழமான கறுப்பு. அதன் எதிரே தாளின் வெண்மை கூசுகிறது. தொப்பியின் கீறல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி. விரல் கணுக்கள் வாள்பிடியை எந்த அழுத்தத்தில் பிடித்திருக்கின்றன என்பது வரை படிக்க முடிகிறது. பிந்தைய பிரதியில் இதே விரல்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. பிடி தளர்ந்தது போலத் தோன்றுகிறது. ஒரு மனிதரின் குணம்பற்றி நாம் கொள்ளும் கருத்து எந்த ஆண்டில் அச்சிட்ட தாளைப் பார்த்தோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

என் மதிப்பீடு

தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு: ஹாப்ஃபர் குன்ஸை உயர்த்தவில்லை. தாம் அறிந்த மனிதரை, தம் நகரத்தார் அறிந்தபடியே காட்டினார். விதூஷகர் என்பது அரசவை கொடுத்த பதவி. வாள் அவருடைய தொழில். பின்னாளைய நூல்கள் பதவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்னங்களையும் மாறுவேடத்தையும் அதோடு சேர்த்து வேடிக்கைக் கதையாக்கின.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். லான்ட்ஸ்க்னெக்ட் ஆடை அன்று வீரர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. செல்வந்தர்களும் இளவரசர்களும் கீறல் கைகளை அணிந்தார்கள். ஆகவே ஆடையை மட்டும் வைத்துப் படைவீரர் என்று முடிவு கட்ட முடியாது. இந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் என் முடிவு ஆடையின்மேல் நிற்கவில்லை. விதூஷகச் சின்னங்கள் அறவே இல்லாமை, வாளுக்குப் படத்தில் தரப்பட்ட முதன்மை, அந்தப் பட்டறை பின்னர் விற்ற முகங்களின் வரிசை ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஊர்வலத்தில்கூட அவர் வண்டியில் அமர்ந்து கோமாளித்தனம் செய்யவில்லை, குதிரையில் முன்னால் வருகிறார். தம் நண்பரை வண்டிக்குள் ஏற்ற மாக்சிமிலியனுக்கே மனம் வரவில்லை போலும்.

இந்தப் படத்தைப் பார்க்க விரும்புவோருக்கு வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடமும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியமும் தம் சேகரிப்புகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்துக்குப் போவதற்கு முன் தகட்டின் ஓரங்களைச் சுற்றி வாருங்கள். எண் இருக்கிறதா, துருப்புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாள்பிடியில் இருக்கும் விரல்களுக்கு வாருங்கள். இரண்டு பிரதிகள் கிடைத்தால் அந்த விரல்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். எது முந்தியது என்பதை அவையே காட்டிக்கொடுக்கும்.